கார்டு கையில், பணம் காணோம்

தீபாவளிக்குக் கம்பெனிகள் ஸ்வீட் பாக்ஸோடு கிஃப்ட் கார்டும் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, பொங்கல் நெருங்கும்போதெல்லாம் இந்தப் பகுதிக்கு ஒரே மாதிரி கடிதங்கள் வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: என் கணவருக்கு அலுவலகத்தில் 5,000 ரூபாய்க்கு கிஃப்ட் கார்டு கொடுத்தார்கள். ஏற்கனவே இருந்த 1,500-ஐயும் சேர்த்து ஓர் ஆன்லைன் கடையில் என் கணக்கில் ஏற்றி, மிக்ஸி வாங்குவதற்காகப் பொங்கல் தள்ளுபடிக்குக் காத்திருந்தேன். போன வாரம் திறந்து பார்த்தால் 12 ரூபாய் இருக்கிறது! கேட்டால், "உங்கள் பாஸ்வேர்டு போட்டுத்தான் ஆர்டர் ஆகியிருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். நான் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை. ஓடிபி வரவே இல்லை. (வாசகி, சேலம்)

பதில்: ஓடிபி வரவில்லை என்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. வங்கிக் கார்டில் ஆன்லைனில் வாங்கினால் ஓடிபி கேட்கும், யுபிஐ என்றால் பின் கேட்கும். கிஃப்ட் கார்டுக்கு அந்த இரண்டாவது பூட்டு கட்டாயம் இல்லை; ரிசர்வ் வங்கியின் விதியே அதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அஞ்சறைப் பெட்டியில் வைத்த பணம் மாதிரிதான் உங்கள் 6,500 இருந்திருக்கிறது. பெட்டிக்குத் தனிப் பூட்டு கிடையாது. வாசல் கதவைத் திறந்தவன் நேராக அடுப்படிக்குப் போய் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வாசல் கதவு என்பது உங்கள் பாஸ்வேர்டு. அதை எப்படித் திறந்தான்? பெரும்பாலும் உங்கள் கணக்கைக் குறிவைத்து யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. எப்போதோ நீங்கள் பதிவு செய்த வேறொரு தளத்திலிருந்து மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கசிந்திருக்கும். அப்படிக் கசிந்த ஜோடிகளை லட்சக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைத் தளங்களில் ஒவ்வொன்றாக மென்பொருளே போட்டுப் பார்க்கும். இரண்டு இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு என்றால் கதவு திறந்துகொள்ளும்.

முதலில் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதற்கப்புறம் கடைக் கணக்கின் பாஸ்வேர்டை. இந்த வரிசை முக்கியம். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்' என்று கடையில் அழுத்தினால் கடிதம் மெயிலுக்குத்தான் வரும். மெயில் அவன் கையில் இருந்தால் நீங்கள் மாற்ற மாற்ற அவனும் மாற்றுவான். இரண்டிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கொடுங்கள். இல்லையென்றால் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருப்பவன் அப்படியே உட்கார்ந்திருப்பான். மெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் (வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது) இரண்டையும் பாருங்கள். கடையிலிருந்து வரும் மெயிலை நேராகக் குப்பைக்குத் தள்ளும்படி ஒரு ஃபில்டர் போட்டு வைப்பது இவர்களுடைய பழைய வேலை. இன்னொரு வேலையும் உண்டு. திருடிய அன்று உங்கள் பெட்டிக்குச் சம்பந்தமில்லாத நியூஸ்லெட்டர்களை நூற்றுக்கணக்கில் வரவழைப்பார்கள். அந்தக் குப்பையில் 'உங்கள் ஆர்டர் உறுதியானது' என்ற ஒரு மெயில் கண்ணில் படாது. எப்போதாவது காரணமே இல்லாமல் மெயில் வந்து கொட்டினால், எரிச்சலில் மொத்தமாக அழிப்பதற்கு முன் கடைக் கணக்கைத் திறந்து பேலன்ஸைப் பாருங்கள்.

அப்புறம், அந்த ஆர்டரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் 'ஆர்க்கைவ்' பகுதியில் ஒளித்து வைத்திருக்கலாம். ஆர்டர் எண், நேரம், பொருள் அனுப்பப்பட்ட முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் எண் அது. தொகை சிறியது என்று கூச்சப்பட வேண்டாம். பொருள் இன்னும் டெலிவரி ஆகாமல் இருந்தால் கடையே நிறுத்திவிட முடியும்.

இப்போது "நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்ற பேச்சுக்கு வருவோம். பல கடைகளில் செல்லும் கிஃப்ட் கார்டை விற்பது ஒரு கடையாகவும், வெளியிடுவது ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற வேறொரு நிறுவனமாகவும் இருக்கும். அதன் பெயர் நிபந்தனைகளில் சிறிய எழுத்தில் இருக்கும், தேடிப் பிடியுங்கள். இப்படிப்பட்ட வங்கியல்லாத நிறுவனங்களுக்கு 2019 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. தவறு அவர்களுடையது என்றால், நீங்கள் எப்போது சொன்னாலும் நஷ்டம் உங்களுடையது இல்லை. தவறு இரு தரப்பிலும் இல்லை, மூன்றாவது ஆள் புகுந்துவிட்டான் என்றால், தகவல் வந்த மூன்று நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாள் என்றால், போன தொகை அல்லது 10,000 ரூபாய், இதில் எது குறைவோ அது உங்கள் தலையில். ஒரு கிஃப்ட் கார்டின் உச்சவரம்பே 10,000 ரூபாய்தான்! அதாவது நான்காவது நாள் போனால் பெரும்பாலும் முழுத் தொகையும் உங்கள் தலையில்தான். ஆகவே மூன்று நாள் என்ற ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

நீங்கள் எந்த நாளில் சொன்னீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. எப்படியிருந்தாலும் சாட்டிலோ போனிலோ பேசியதை விட்டுவிட்டு மெயிலில் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். வாடிக்கையாளர்மேல்தான் தவறு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது என்று அதே விதி சொல்கிறது. 'சரியான பாஸ்வேர்டு போட்டார்கள்' என்ற ஒரு வரி மட்டும் நிரூபணம் ஆகிவிடாது என்பது என் வாதம். எந்த ஊரிலிருந்து, எந்தப் புதுச் சாதனத்திலிருந்து லாகின் ஆனது, சேலத்துக் கணக்கில் திடீரென்று புது முகவரி சேர்ந்தபோது ஏன் உங்களை எச்சரிக்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது.

கார்டு ஒரே கடை தனக்குத் தானே வெளியிட்டதாக இருந்தால் (ஜவுளிக்கடை, நகைக்கடை கார்டுகள் பெரும்பாலும் இப்படித்தான்) ரிசர்வ் வங்கி விதி அதைத் தொடாது. அப்போது 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் சேலத்திலேயே வழக்குப் போடலாம்.

கேள்வி: மெயிலில் வந்த கார்டு எண்ணை அப்படியே வைத்திருப்பது நல்லதா, கணக்கில் ஏற்றிவிடுவது நல்லதா? கணக்கை ஹேக் செய்கிறார்கள் என்று படித்ததிலிருந்து ஏற்றவே பயமாக இருக்கிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: ஏற்றிவிடுங்கள். எண்ணும் பின்னும் (கார்டின் ரகசிய எண்) தெரிந்த எவனுக்கும் அந்தக் கார்டு சொந்தம், முதலில் டைப் செய்தவனே முதலாளி. கணக்கில் ஏற்றிவிட்டால் அந்த எண் செத்துவிடுகிறது. அதற்கப்புறம் திருட வேண்டுமென்றால் கணக்குக்குள் புக வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மைத்துனர் மகள் பிறந்தநாளுக்கு 2,000 ரூபாய் இ-கார்டு வாங்கினேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இரண்டு கேக் படம் சேர்த்து, அவளுக்கு அனுப்புவதாக நினைத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். 84 பேர் இருக்கிற குழு. நாற்பது வாழ்த்து வந்தது. சாயங்காலம் டியூஷன் முடிந்து வந்து அவள் எண்ணைப் போட்டால், 'இந்தக் கார்டு ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது'. எடுத்தது யார் என்று இன்று வரை தெரியாது. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரும்போது எதிர்வரிசையை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்றிய பிறகு கணக்கைப் பூட்ட வேண்டும். அந்தக் கடைக்கென்று வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு பாஸ்வேர்டு. ஞாபகம் இருக்காது என்றால் போனிலேயே இருக்கும் பாஸ்வேர்டு மேனேஜரில் வையுங்கள், டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதினாலும் குற்றமில்லை. வீட்டு டைரியைத் திருட ஹேக்கர் ஈரோட்டுக்கு வரப்போவதில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்பது) ஆன் செய்யுங்கள். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் கைரேகை அல்லது பூட்டைக் கொண்டே உள்ளே நுழையும் முறை) இருந்தால் அது இன்னும் நல்லது, போலித் தளத்தில் அது வேலை செய்யாது. போன் சிக்னல் காரணமில்லாமல் மணிக்கணக்கில் போய்விட்டால், வேறொரு போனிலிருந்து உங்கள் சிம் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். உங்கள் எண்ணில் வேறு யாராவது புது சிம் வாங்கியிருக்கலாம், அப்படியென்றால் உங்கள் ஓடிபி அவனுக்குத்தான் போகும்.

இதையெல்லாம் செய்தாலும் கார்டை ஆறு மாதம் ஊறப் போடாதீர்கள். அதற்கு வட்டி கிடையாது, பெரும்பாலான கார்டுகளுக்கு ஒரு வருடம்தான் ஆயுள். சேலம் வாசகிக்குத் தள்ளுபடியில் மிஞ்சியிருக்கக்கூடியது சில நூறு ரூபாய்; போனது 6,488.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் தொங்கிக்கொண்டிருந்த கார்டைப் பணம் கொடுத்து வாங்கி, வீட்டில் சுரண்டிப் பார்த்தால் பேலன்ஸ் பூஜ்யம். பில் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. (வாசகர், மதுரை)

பதில்: தொங்கும் கார்டில் பணம் இருக்காது. கவுண்டரில் ஸ்கேன் செய்யும்போதுதான் உயிர் வருகிறது. திருடன் முன்னாலேயே வந்து, வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, எண்ணையும் பின்னையும் படம் எடுத்துக்கொண்டு, அதே நிறத்தில் புது ஸ்டிக்கர் ஒட்டி மாட்டிவிட்டுப் போயிருப்பான். அப்புறம் அவனுடைய மென்பொருள் அந்த எண்ணின் பேலன்ஸைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும், பணம் ஏறியது தெரிந்ததும் எடுத்துவிடுவான். அமெரிக்காவில் இது பெரிய தொல்லையாகி, மேரிலாந்து மாநிலம் உறையைப் பிரித்தால் தெரியும்படிதான் கார்டு விற்க வேண்டும் என்று 2024-ல் சட்டமே போட்டது.

அடுத்த முறை வாங்கும்போது சுரண்டும் பட்டையின்மேல் நகத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். அச்சிட்ட பூச்சு கார்டோடு ஒட்டி இருக்கும், ஸ்டிக்கர் என்றால் ஓரம் நகத்தில் தட்டும். உறையின் பசை ஓரம் சுருங்கியிருந்தாலும் எடுக்காதீர்கள். கவுண்டருக்குப் பின்னால் வைத்திருக்கும் கார்டாகக் கேட்டு வாங்குங்கள். இப்போதைக்குக் கார்டு, உறை, பில், ஆக்டிவேஷன் சீட்டு நான்கையும் பத்திரப்படுத்தி இன்றைக்கே கடை மேலாளரைப் பாருங்கள். பில்லில் இருக்கும் நேரமும் பணம் போன நேரமும்தான் உங்கள் சாட்சி. சுரண்டிய கார்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: கார்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க கூகுளில் தேடினேன். முதலில் வந்த தளம் எண், பின் இரண்டையும் கேட்டது. போடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: போட்டுவிட்டீர்கள் என்றால் இந்த நிமிடமே கார்டைக் கணக்கில் ஏற்றிவிடுங்கள் அல்லது செலவு செய்துவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம், காசு கொடுத்தவன் எவனும் அங்கே வரலாம். கஸ்டமர் கேர் எண்ணையும் அப்படித் தேடி எடுக்காதீர்கள். ஆப்பைத் திறந்து அதற்குள் பாருங்கள், அல்லது கார்டின் பின்பக்க முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.

கேள்வி: டெலிகிராமில் 1,000 ரூபாய் கார்டு 700-க்குக் கொடுக்கிறார்கள். நண்பன் வாங்கினான், வேலை செய்கிறது. (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: வேலை செய்யும் கார்டு சேலம் வாசகியுடையது மாதிரி யாரோ ஒருவருடைய பணத்தில் வாங்கியதாக இருக்கலாம். புகார் வந்ததும் கடை அந்தக் கார்டை முடக்கும், உங்கள் நண்பனின் கணக்கையும் சேர்த்து முடக்கலாம். அந்த 700-ஐக் கேட்க டெலிகிராமில் அப்போது ஆள் இருக்க மாட்டான்.

கேள்வி: எங்கள் எம்.டி. படம் வைத்த புது எண்ணிலிருந்து, "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, அவசரமாக 10,000 ரூபாய் கிஃப்ட் கார்டு நான்கு வாங்கி எண்ணை அனுப்பு" என்று வாட்ஸ்அப் வந்தது. இரண்டை அனுப்பிவிட்டேன். (வாசகர், கோவை)

பதில்: ஆட்சியர், துணைவேந்தர், நீதிபதி என்று யார் படத்தையும் விட்டுவைக்காத மோசடி இது. வெட்கப்படுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்டு வாங்கிய மெயிலைத் திறந்து, அதில் இருக்கும் நிறுவனத்தின் உதவிப் பகுதிக்குப் போய் இரண்டு எண்களையும் உடனே முடக்கச் சொல்லுங்கள். அவன் இன்னும் செலவழிக்காமல் இருந்தால் பணம் தப்பிக்கும். பக்கத்து சீட்டுக்காரரிடம் அதே நேரத்தில் 1930-க்குப் போன் போடச் சொல்லுங்கள். மீதி இரண்டு கார்டு வாங்கியிருந்தால் உங்கள் கணக்கிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் எம்.டி. அறைக்குப் போய்ச் சொல்லுங்கள், அவர் படத்தை வைத்து அடுத்து கணக்குப் பிரிவுக்கும் செய்தி போயிருக்கும்.