ட்ரெட்மில்லில் இரண்டு மாதம் நடந்தும் எடை குறையவில்லை, எங்கே தவறு?

வாரம் ஐந்து நாள், தினம் 40 நிமிடம், இரண்டு மாதமாக நடந்தும் முள் அசையவில்லை என்கிறீர்கள். எடை, வேகம் எதையும் நீங்கள் சொல்லாததால் 75 கிலோ, வேகம் 5, ஏற்றம் (பெல்ட்டின் சாய்வு) பூஜ்யம், இரண்டு கையும் முன்கம்பியில் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டு மிஷினில் நடப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறார்கள்.

முதலில் கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் 40 நிமிடம் நடந்தால் 75 கிலோ உடம்புக்கு ஏறத்தாழ 175 கலோரி செலவாகும். அதில் 50 சும்மா உட்கார்ந்திருந்தாலே போயிருக்கும். நடையால் கூடுதலாகப் போவது 125தான். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 வேண்டும். அப்படியானால் இரண்டு மாதத்தில் முக்கால் கிலோகூட வராது. உடம்பில் நீர் ஏறி இறங்குவதிலேயே ஒரே நாளில் ஒரு கிலோ வரை மாறும், அதில் இது மறைந்துவிடும். நடந்து முடித்ததும் சாப்பிடும் ஒரு மெதுவடையே அந்த 125ஐத் திருப்பிக் கொடுத்துவிடும்.

எல்லாரும் சொல்வது, வேகத்தைக் கூட்டு என்று. வேகத்தை 6 ஆக்கினால் அதே 40 நிமிடத்தில் கூடுதலாகக் கிடைப்பது 25 கலோரி. வேகத்தை 5லேயே விட்டு ஏற்றத்தை 5 சதவீதம் ஆக்குங்கள், கூடுதலாக 110 கிடைக்கும். மூட்டில் விழும் அடியும் ஓட்டத்தைவிடக் குறைவு. ஆனால் திரையில் 5 என்று காட்டினால் அது 5 சதவீதம்தான் என்று நினைக்காதீர்கள், சில மிஷின்களில் அது வெறும் படி எண். பெல்ட்டின் ஓரத்தில் 100 சென்டிமீட்டர் அளந்து, அதன் இரு முனைக்கும் தரையிலிருந்து உயரம் பாருங்கள். வித்தியாசம் 5 சென்டிமீட்டர் இருந்தால்தான் 5 சதவீதம். கையால் மாற்றும் மூன்று படி ஏற்றம் உள்ள மிஷின் என்றால், ஏறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஏற்றமே இல்லாத மிஷினுக்கு முன்பக்கம் பலகை, செங்கல் வைக்க வேண்டாம், ஆடி நகர்ந்தால் ஆபத்து. அதற்குப் பதில் நேரத்தை 60 நிமிடமாக்குங்கள்.

ஏற்றம் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். பக்கவாட்டில் யாரையாவது ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முழங்கை நீண்டு உடம்பு பின்னால் சாய்ந்திருந்தால், ஏற வேண்டிய எடையைக் கை தாங்குகிறது என்று அர்த்தம். திரைக்கு இது தெரியாது, அதே கலோரியைத்தான் காட்டும். கையை விட்டு நடக்க முடிகிற வேகம் எதுவோ, அதுதான் உங்கள் வேகம், அது 4 ஆக இருந்தாலும் பரவாயில்லை. முதல் சில நாள் இரண்டு விரல் நுனி மட்டும் கம்பியில் படட்டும். கண் காலைப் பார்க்காமல் நேராகப் பார்க்கட்டும். நிறுத்தும் சாவியின் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஏறாதீர்கள்.

முதல் 5 நிமிடம் சமதளம், வேகம் 3.5. பிறகு ஏற்றம் 2, வாரத்துக்கு ஒரு சதவீதம் கூட்டினால் போதும். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. ஏற்றத்தில் குதிகால் தாழ்ந்து இறங்குவதால் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் அதிகம் இழுபடும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்தினால் ஏற்றத்தை இரண்டு குறையுங்கள். இன்சுலின், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் நெஞ்சு அடைப்பவர்களும் டாக்டரைக் கேட்டபிறகே கூட்டணும்.

டயட் இல்லாமல் நடந்து என்ன பயன் என்று யாராவது வருவார்கள். சாப்பாட்டை நான் மறுக்கவில்லை. கேள்வி நடையைப் பற்றியது, அதனால் நடையைச் சொல்கிறேன்.

கை கம்பியை விட மறுப்பதற்குப் பல வீடுகளில் காரணம் பயம் இல்லை, காய்ந்த பெல்ட். கால் ஊன்றும்போது பெல்ட் ஒரு கணம் நின்று வெடுக்கென்று இழுக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டைத் தூக்கி அடியில் விரலால் தடவுங்கள். வழுவழுப்பு இல்லை என்றால் சுத்தமான சிலிகான் ஆயில் 30 மில்லி, நடுவில், இரு பக்கமிருந்தும் விடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் ஆயில் கூடவே கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னாலுள்ள இடது போல்ட்டை ஆலன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள்.

மிஷின் விற்கிறவர்கள் யாரும் இதையெல்லாம் சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம். "4 ஹெச்பி" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது ஒரு கணம் எட்டும் உச்ச சக்தி. தொடர்ந்து ஓடும் சக்தி பெரும்பாலும் அதில் பாதி அளவுதான் இருக்கும். நடைக்குத் தொடர் சக்தி 1.5 முதல் 2 ஹெச்பி, பெல்ட் நீளம் 120 சென்டிமீட்டருக்குக் குறையாமல், தாங்கும் எடை உங்கள் எடையைவிட 20 கிலோ அதிகம். இந்த மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தராத கடையில் வாங்காதீர்கள்.