தசை தேய்வும் நரம்பும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுமையில் தசை தேய்வதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எண்பது வயதான என் தந்தையால் இப்போது கைப்பிடியை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிவதில்லை, தொடைகள் மெலிந்துவிட்டன. பெரியப்பா ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பு நோயில் மறைந்தவர் என்பதால் அச்சமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றா? ஆய்வாளர்கள் இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறார்கள்?

செல்வி, கும்பகோணம்

அன்புள்ள செல்வி,

இரண்டும் ஒன்றல்ல; ஆனால் இழப்பை உடல் ஈடுகட்டும் வழி இரண்டிலும் ஒன்றே. அக்கட்டுரையில் புரதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நரம்பை ஒரே வரியில் கடந்தது என் பிழைதான்.

தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் தசையில் ஒரு கூட்டம் நார்களை ஆள்கிறது; கண்ணை உருட்டும் தசையில் அக்கூட்டம் மிகச் சிறியது, கெண்டைக்காலில் ஆயிரத்தைத் தாண்டும். நரம்பணு இறந்தால் அதன் நார்கள் உடனே அழிவதில்லை. பக்கத்து நரம்பணு புதுக் கிளை விட்டு அவற்றைத் தத்தெடுக்கிறது. இளைஞரின் தசைத் துணுக்கைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வேகமான நார்களும் மெதுவான நார்களும் அரிசியும் உளுந்தும் கலந்ததுபோலக் கிடக்கும். முதியவரின் துணுக்கில் அவை தனித்தனிக் குவியல்களாகத் திரளத் தொடங்கியிருக்கும். தத்தெடுத்த நரம்பணுவின் குணத்துக்கு நார்கள் மாறியதன் தடயம் அது.

1977இல் டாம்லின்சன், இர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 13 முதல் 95 வயது வரையிலான 47 பேரின் தண்டுவடங்களில் இந்த நரம்பணுக்களை எண்ணினார்கள். அறுபது வயது வரை பெரிய குறைவில்லை. அதன்பின் சிலரிடம் பாதியே எஞ்சியிருந்தது. மூப்பில் இந்த இழப்பு மெல்ல நடப்பதால் கிளை விட அவகாசம் கிடைக்கிறது. 1869இல் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ பாரிசில் விவரித்த ஏ.எல்.எஸ். நோயிலோ தத்தெடுத்த நரம்பணுவும் விரைவில் வீழ்கிறது. அது தாங்கியிருந்த பெருங்கூட்டம் ஒருசேரக் கைவிடப்படுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இந்நோய் குடும்பவழியில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரு தொடைகளும் ஒரே அளவில், ஆண்டுக்கணக்கில் மெலிவது பெரும்பாலும் மூப்பின் போக்கு. ஒரு கையில் மட்டும் கட்டைவிரல் பக்கச் சதை வற்றிச் சுண்டுவிரல் பக்கம் திரண்டே இருந்தாலோ, தசை தோலடியில் புழு நெளிவதுபோலத் துடித்தாலோ, நாக்குக் குழறினாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'வயதானால் அப்படித்தான்' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

மருத்துவர் நோயில்லை என்று உறுதிசெய்தால் பயிற்சிக்குத் தயங்க வேண்டாம். 1990இல் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் பாஸ்டனில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரை எட்டு வாரப் பளுப் பயிற்சியில் சேர்த்தார்கள். கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 விழுக்காடுதான். இந்த இடைவெளியில் பெரும்பகுதி, நரம்பு தசையை இயக்கும் திறன் கூடியதன் கணக்கு என்றே நான் கொள்கிறேன். நாற்காலியில் ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போட்டு உயர்த்தி, நீங்கள் அருகில் நின்றுகொண்டு, கைப்பிடியைத் தொடாமல் அப்பாவை எழச் சொல்லுங்கள். அது எளிதானதும் ஒரு மடிப்பைக் குறைக்கலாம்.