பதினொன்றாம் வகுப்பு எதற்கு?

அன்புள்ள ஐயா,

என் மகன் பத்தாம் வகுப்பு தேறிவிட்டான். ப்ளஸ் ஒன் சேர வேண்டும் என்கிறான். "ரெண்டு வருஷம் வீண். பாலிடெக்னிக்கில் போடுங்க, சீக்கிரம் சம்பாதிப்பான்" என்கிறார் என் மைத்துனர். மேல்நிலைப் பள்ளி என்பது கல்லூரிக்குக் காத்திருக்கும் இடம்தானா?

ஒரு வாசகர், கண்டனூர்

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் உடனே பணம் வேண்டுமென்றால் மைத்துனர் சொல்வது சரி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து முடித்தவனுக்கு டிப்ளமோ 3 ஆண்டு. ப்ளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்தவன் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆக, இழப்பு ஒரு வருஷம்.

அந்த ஒரு வருஷத்துக்கு என்ன கிடைக்கிறது? நம் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். வட்டித் தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார், மீசை முளைக்கும் முன்பே பையனைக் கப்பலேற்றி பர்மாவுக்கு அனுப்பினார்கள். முதலில் பெட்டியடிப் பையன் (கடை எடுபிடி), பிறகு அடுத்தாள் (உதவியாள்), கடைசியில் மேலாள் (கடையை நடத்துபவர்). வட்டிக் கணக்கில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் நொறுங்கியது. திரும்பி வந்தவர்களில் பலருக்கு அந்த ஒரு வித்தைதான் தெரியும். (மானகிரி, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.) அதே சமூகத்தில் படிப்பை விடாமல் எம்.ஏ.வும் பாரிஸ்டர் பட்டமும் பெற்ற அழகப்பச் செட்டியாரோ 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். பிறகு மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார்.

பதினைந்து வயதுப் பையனுக்குத் தன் தொழில் எதுவென்று தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இயற்பியலோ வரலாறோ சற்று ஆழமாகப் படித்துப் பார்த்து, இது எனக்கு ஒத்து வரும், அது வராது என்று அவனே கண்டுகொள்ளத்தான் அந்த இரண்டு வருஷம். 1964–66-இல் மத்திய அரசின் கல்விக் குழுவான கோத்தாரி குழு 10+2+3 (பள்ளி பத்து, மேல்நிலை இரண்டு, பட்டப்படிப்பு மூன்று) என்று வகுத்தது. தமிழ்நாட்டில் 1978-இல், கல்லூரியில் இருந்த பி.யு.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு போய் ப்ளஸ் டூ வந்தது. மேல்நிலையில் பாதிப் பேராவது தொழிற்கல்விக்குப் போக வேண்டும் என்றும் அந்தக் குழு விரும்பியது. அது மட்டும் நடக்கவே இல்லை.

மேல்நிலையை நீங்கள் சொல்லும் 'காத்திருக்கும் இடம்' ஆக்கியது பள்ளிகள்தான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே விட்டுவிட்டு, பன்னிரண்டையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017–18-இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் அது கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான், ஆனால் பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயம்.

சேர்க்கப் போகும் பள்ளியில் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இப்போது அங்கே பன்னிரண்டு படிக்கும் ஒரு பையனைத் தனியாகப் பிடித்து, போன வருஷம் எந்தப் புத்தகம் நடத்தினார்கள் என்று கேளுங்கள்.