தேடுகிறது – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். மகன் தாய்க்கு எழுதும் கடிதம் ‘ஐ மிஸ் யூ’ என்று முடிகிறது. ‘உன்னை இழக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா? இந்த வினைச்சொல்லுக்கு எத்தனை பொருள்? எந்த அகராதி வாங்கலாம்? ஊரைவிட்டுப் பெங்களூர் வந்தபின் கேட்க ஆளில்லை.

ம.

அன்புள்ள ம.,

சரியில்லை. உயிரோடு இருக்கும் தாயை ஒரே வரியில் கொன்றுவிட்டீர்கள். அகராதி எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டாதீர்கள்.

பழைய ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸன்’ என்றால் குறி தப்புவது. ரயிலைத் தவறவிடுவதெல்லாம் அதன் வழி வந்ததுதான். (ஆசிரியையை அழைக்கும் ‘மிஸ்’ வேறு; அது ‘மிஸ்ட்ரஸ்’ என்பதன் குறுக்கம்.) குறி தப்பிய அம்புக்கும் அம்மாவுக்கும் நடுவே இன்னொரு பொருள் இருக்கிறது. பஸ்ஸைவிட்டு இறங்கிச் சட்டைப்பையைத் தொடுகிறோம், பர்ஸ் இல்லை. கை அதை அறிகிறதே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். பர்ஸ் இருந்த இடத்தில் ஓர் ஆளை வைத்துப் பாருங்கள். இழப்பு வேறு, இல்லாமையை உணர்வது வேறு.

பிரெஞ்சில் இதையே ‘நீ எனக்குக் குறைகிறாய்’ என்கிற அமைப்பில் சொல்வார்கள். ‘நான்’ அங்கே எழுவாய் இல்லை. தமிழும் அந்தப் பக்கம்தான்.

நான் விடுதியில் சேர்ந்த முதல் மாதம் ஆச்சியிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் எழுதியிருந்தான். மழை இல்லை, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, எண்ணெய் தேய்த்துக் குளி. இடம் தீர்ந்துபோய், ஓரத்தில் அட்டையைத் திருப்பி வைத்து எழுதிய வரி: ‘ஆச்சிக்கு உன்னைத் தேடுகிறதாம்.’

‘தேடுகிறாளாம்’ இல்லை, ‘ஆச்சிக்கு’, ‘தேடுகிறதாம்’. எங்கள் தெற்கத்திப் பேச்சில் பசிக்கிறது, வலிக்கிறது, தேடுகிறது மூன்றும் ஒரே வரிசை. பிள்ளைக்கு அம்மாவைத் தேடும், கிழவிக்குப் பேரனைத் தேடும். யாரும் முனைந்து செய்வதில்லை. பசிபோல உடம்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஒரு வினை மொழியில் இருக்க, ‘இழக்கிறேன்’ என்று எழுதக் கை எப்படி வந்தது உங்களுக்கு? கோபமாகத்தான் கேட்கிறேன்.

உங்கள் ஊரில் இதற்கு வேறு சொல் இருக்கலாம். இன்று இரவு வீட்டுக்குப் பேசுங்கள். நீங்கள் இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதி எனக்கும் அனுப்புங்கள்.