வருடக்கணக்காக டூல்ஸ் வாங்கிய கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர் இனி எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்ட நண்பர் பன்னிரண்டு வருடமாக டிரில், டேப்பு (துளைக்குள் மரை வெட்டும் கருவி), டூல் பிட் (லேத்தில் வெட்டும் முனை) எல்லாம் ஒரே கடையில் வாங்கினாராம். போன மாதம் அந்தக் கடையை மூடிவிட்டார்கள், ஆன்லைனில் எதை நம்பி வாங்குவது என்று தெரியவில்லை, லேத் பக்கமே போகப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு இது 2021-ல் நடந்தது. ஒரு கடை மூடியதற்கு இவ்வளவு வருத்தமா என்று வீட்டில் கேட்பார்கள். வருத்தம் நியாயமானதுதான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கிய கடை சென்னை பாரிமுனையில், ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் உள்ளே போக முடியும் என்கிற அகலத்தில் இருந்தது. உரிமையாளரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அங்கே போன முதல் நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பித்தளையில் ஒரு குட்டி நீராவி இன்ஜினுக்கு சிலிண்டர் செய்துகொண்டிருந்தேன், எம்4 மரைக்கு (4 மி.மீ. போல்ட்டுக்கான மரை) 3.3 மி.மீ. டிரில் போட்டால் துளை மறுபக்கம் திறக்கிற நேரத்தில் டிரில் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு முறிந்துவிடும். இரண்டு போய்விட்டது. முறிந்த துண்டைக் கொண்டுபோய் இதைவிட நல்ல கம்பெனி டிரில் வேண்டும் என்றேன். அவர் அதை பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு "பித்தளையா தம்பி?" என்றார். ஆமாம் என்றதும் அதே கம்பெனியில் புது டிரில் ஒன்றை எடுத்தார், மேஜை டிராயரில் இருந்த சின்ன எண்ணெய்க் கல்லை வெட்டு விளிம்பின் முன்முகத்தில் நேராக வைத்து இரண்டு பக்கமும் நாலைந்து இழுப்பு இழுத்தார். விளிம்பில் நூலிழை அகலத்துக்கு ஒரு சின்னத் தட்டை விழுந்தது, அவ்வளவுதான். "இப்போ போடு, இழுக்காது" என்றார். இழுக்கவில்லை. டிரில்லின் சுருள் கோணம் எஃகுக்கு ஏற்றது, பித்தளையில் அது திருகாணி மாதிரி ஏறிவிடும், முன்முகத்தைத் தட்டையாக்கினால் அந்த ஏறும் குணம் போய்விடும் என்பதை எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. டிரில் விலையை மட்டும்தான் வாங்கினார்.

கடை மூடியபோது என்னிடமிருந்து போனது இதுதான். டிரில் எங்கேயும் கிடைக்கும். என் லேத்தின் சென்டர் உயரம், என் டூல் போஸ்ட்டில் (பிட்டைப் பிடிக்கும் தாங்கி) மூணு நூல், அதாவது 3/8 அங்குல பிட்டுக்கு மேல் நுழையாது, மோட்டார் அரை குதிரை சக்திதான், இதெல்லாம் அவர் தலையில் இருந்தது. நான் கார்பைடு இன்சர்ட் (மாற்றிப் போடக்கூடிய கடினமான வெட்டு முனை) ஆசையில் டிஎன்எம்ஜி என்ற வகையைக் கேட்டபோது "அது பெரிய மெஷினுக்கு, உன் லேத் அதிரும், ஹெச்எஸ்எஸ் பிட்டைத் தீட்டிப் போடு" என்று விற்காமல் திருப்பி அனுப்பியவர் அவர். ஹெச்எஸ்எஸ் என்றால் ஹை ஸ்பீடு ஸ்டீல், சூட்டிலும் கடினம் குறையாத எஃகு. பத்து இன்சர்ட் உள்ள பெட்டியைப் பிரித்து இரண்டு தருவார். அதனால் அவருக்குப் பெரிய லாபம் ஒன்றும் இருந்திருக்காது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதல் வேலை, அந்தக் கடைக்காரரைப் போய்ப் பாருங்கள். கடையைத்தான் மூடியிருக்கிறார். அவர் கற்றது அவரிடம் அப்படியே இருக்கிறது. நான் மூன்று மாதம் கழித்து, கூச்சப்பட்டுக்கொண்டே, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாய் வீட்டுக்குப் போனேன். முட்டி வலியால் படி ஏற முடியவில்லை, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பட்டறைகள் எல்லாம் சிஎன்சிக்கு (கணினி ஓட்டும் மெஷின்) மாறி நேரடியாக டீலரிடம் இன்சர்ட் வாங்குகின்றன, தனி பிட் கேட்டு வருகிற ஆள் குறைந்துவிட்டது, அதனால்தான் மூடினேன் என்றார். ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், டீ வரவழைத்தார். எந்த டீலரிடம் எதை எடுத்தார், எந்தக் கம்பெனி டேப்பு சின்ன அளவில் நன்றாக இருக்கும், யார் ஒற்றைப் பீஸ் தருவார்கள் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்த நோட்டில் பதினோரு பக்கம் நிரம்பியது. இன்றைக்கு வரை எனக்கு அதுதான் கடை.

உங்கள் கடையில் மிச்சச் சரக்கு இருந்தால் அதையும் விசாரியுங்கள், ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளாதீர்கள். நான் பதற்றத்தில் 10, 12, 13 மி.மீ. டிரில்களை எடுத்து வந்தேன். அவை எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். எடுத்திருக்க வேண்டியது 2.05, 3.3, 4.2, 6.8 மாதிரி அளவுகள், அதாவது எம்2.5, எம்4, எம்5, எம்8 மரைக்கு முன்னால் போடும் துளை அளவுகள். தெருமுனைக் கடையில் கேட்டால் "3.5 தரட்டுமா சார்?" என்பார்கள். அதைப் போட்டால் எம்4 மரை முழு ஆழத்துக்குப் பிடிக்காது.

அப்புறம் ஆன்லைன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், தளத்தின் பெயர் வேண்டாம். ஹெச்எஸ்எஸ் என்று அச்சடித்திருந்த ஒரு செட் வாங்கி, ஈஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பியில் 4.2 போட்டேன். கால் அங்குலம் போவதற்குள் முனை நீலமாகி மழுங்கிவிட்டது. ஹெச்எஸ்எஸ் சுமார் 600 டிகிரி வரை கடினத்தை விடாது, சாதாரணக் கார்பன் ஸ்டீல் அந்த நீல நிறம் வருகிற 300 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். சந்தேகமாக இருந்தால் டிரில்லின் பின்பக்கத் தண்டை கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம் என்று படித்திருக்கிறேன், ஆனால் பல டிரில்களில் தண்டு வேறு எஃகாக இருக்கும், அதனால் வெட்டுகிற பக்கத்தில்தான் தொட வேண்டும். கார்பன் ஸ்டீல் பொறி வெள்ளையாக, மத்தாப்பு மாதிரி நுனியில் பூத்துச் சிதறும். ஹெச்எஸ்எஸ் பொறி மங்கிய சிவப்பில், பூக்காமல், கோடு கோடாக விழும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் கண் மறக்காது. அடிசன், மிராண்டா மாதிரி பட்டறைக்காரர்களுக்கு அத்துப்படியான பெயர்களை அவர்களுடைய அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்குவதுதான் நிம்மதி. பத்து ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

ஆனால் டீலர்கள் பெட்டியாகத்தான் தருவார்கள், நமக்கு வேண்டியது இரண்டு. இதற்கு நாங்கள் ஏழு பேர் சேர்ந்துகொண்டோம். இரண்டு பேர் மாடல் இன்ஜின், ஒருவர் கடிகாரம் பழுது பார்ப்பவர், ஒருவர் வீணைக்குப் பிரடை (தந்தியை முறுக்கும் திருகு) செய்கிறவர், மற்றவர்கள் என்னைப் போல எதையாவது கடைந்துகொண்டிருப்பவர்கள். பத்து இன்சர்ட் பெட்டி வாங்கிப் பிரித்துக்கொள்வோம். சின்ன லேத்துக்கு இன்சர்ட் போட்டே தீர வேண்டும் என்றால் சிசிஎம்டி 060204 பாருங்கள், வெட்டு விளிம்புக்குக் கீழே பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்த (பாசிட்டிவ்) வகை என்பதால் மோட்டாரை அவ்வளவு திணறடிக்காது. அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் பளபளப்பாகத் தீட்டிய சிசிஜிடி இன்னும் சுகம். நான் இவற்றைக் கெட்டியான தோல் உள்ள வார்ப்புக்கு மட்டும் எடுக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஹெச்எஸ்எஸ்தான், பாய் சொன்னது சரி.

பழைய பிட் வேண்டுமென்றால் லேத் பட்டறைகளில் கேளுங்கள். கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கியது, அந்தக் காலத்து டர்னர்களின் டிராயர்களில் ஹெச்எஸ்எஸ் பிட்டுகள் இன்னும் கிடக்கின்றன, சிஎன்சி வந்தபின் அவற்றைத் தொடுவார் இல்லை. ஒரு வயதான டர்னர் அண்ணன் எனக்கு ஒரு டப்பா நிறையக் கொடுத்துவிட்டு, பச்சைக் கல் கார்பைடுக்கு, சாம்பல் கல் ஹெச்எஸ்எஸ்ஸுக்கு, மாற்றிப் போட்டுக் கல்லைக் கெடுக்காதே என்று மட்டும் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இதில் எனக்கு மிகவும் வலித்த இடம் பிஏ டேப்பு. ஸ்டூவர்ட் 10வி என்று இங்கிலாந்தில் இருந்து ஒரு நீராவி இன்ஜின் வார்ப்பு செட் வரும், நாம்தான் கடைந்து, துளைத்து, மரை வெட்டி முடிக்க வேண்டும். சிலிண்டர் துளையும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) முக்கால் அங்குலம். அதன் வரைபடத்தில் மரை பெரும்பாலும் பிஏ கணக்கு, பழைய பிரிட்டிஷ் கருவிகளிலும் மின் சாமான்களிலும் புழங்கியது. 0 பிஏ என்றால் 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்), அடுத்த எண்ணுக்குப் போகப் போகப் பிட்ச் பத்தில் ஒன்பது பங்காகக் குறையும், மரைக் கோணம் 60 இல்லை, 47.5 டிகிரி. பாயிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இந்த டேப்புகள் இருந்தன, எண்ணெய்த் தாளில் சுற்றி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் எழுதி. தேவைப்படும்போது ஒன்று ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான் கேட்கப் போனபோது டின்னோடு மொத்தமாக எடைக்குப் போயிருந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிறகு உட்கார்ந்து வரைபடத்தையே மெட்ரிக்குக்கு மாற்றினேன். 7 பிஏ என்பது 2.5 மி.மீ. விட்டம், 0.48 பிட்ச், அதற்கு எம்2.5 கிட்டத்தட்டப் பொருந்திவிடும், பிட்ச் 0.45. 5 பிஏ 3.2 மி.மீ., அதற்கு எம்3. கேள்விப்பட்டுவிட்டு யாரும் 7 பிஏ போல்ட்டை எம்2.5 துளையில் முறுக்கிப் பார்க்க வேண்டாம், இரண்டு சுற்று போய் இறுகி போல்ட் முறியும். துளையும் போல்ட்டும் சேர்ந்தே மாற வேண்டும். சின்ன அறுகோணத் தலை போல்ட் கடையில் கிடைக்காததால் அறுகோணக் கம்பியில் நானே கடைந்தேன், இருபத்திரண்டு போல்ட், நாலு ஞாயிற்றுக்கிழமை.

கிடைக்காததை நாமே செய்யலாம் என்ற தைரியம் அதில்தான் வந்தது. ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி) கிடைக்காத ஒரு அளவுக்கு சில்வர் ஸ்டீல் (அதிகக் கார்பன் உள்ள எஃகு) கம்பியில் டி-பிட், அதாவது அரைவட்ட முனையுள்ள வெட்டுக் கருவி செய்தேன். கம்பியைத் தேவையான அளவுக்குக் கடைந்து, நுனியைப் பாதி விட்டத்துக்கு ஒரு மயிரிழை அதிகமாக விட்டு அரம் போட்டுத் தட்டையாக்கி, செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் முக்கி, பிறகு பளபளப்பாகத் தேய்த்து, அடியில் இருந்து மெல்லச் சூடுகாட்டினால் வெளிர் வைக்கோல் நிறம் கம்பியில் ஓடி வரும். அது நுனியைத் தொட்ட நொடியில் மறுபடி தண்ணீர். ஒரு நொடி தாமதித்தாலும் பழுப்பாகி நீலமாகிவிடும், மறுபடி முதலில் இருந்து காய்ச்ச வேண்டும். எனக்கு மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. அது போட்ட துளையில் பிஸ்டன் கம்பி எண்ணெயோடு தானாக வழுக்கி இறங்கியது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைக்காரர்கள் என்கோ என்ற கருவி விற்பனையாளரிடம் பல வருடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது எம்எஸ்சி என்ற பெரிய விற்பனை நிறுவனத்தின் கையில் இருந்தது, 2016-ல் அந்தப் பெயரையே நிறுத்தி எம்எஸ்சிக்குள் சேர்த்துவிட்டார்கள். நமக்காவது வீடு தேடிப் போய்ப் பார்க்க ஒரு மனிதர் இருக்கிறார்.

சென்ற பொங்கலுக்கு ஓடுகிற இன்ஜினை பாய் வீட்டுக்கு எடுத்துப் போனேன், பாய்லர் இல்லை, சைக்கிள் பம்பில்தான் ஓட்டிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு போல்ட் தலை ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். "டேப்பு எங்கே வாங்கினே?" என்பதுதான் முதல் கேள்வி. அவர் நோட்டில் எழுதச் சொன்ன டீலர் பெயரைச் சொன்னேன், "ம், தருவான்" என்றார்.

நீங்கள் சென்னையாக இருந்தால் உங்கள் லேத்தின் சென்டர் உயரம், டூல் போஸ்ட்டில் எத்தனை நூல் பிட் நுழையும், டெயில் ஸ்டாக்கில் (லேத்தின் வலது முனைத் தாங்கி) கூம்புத் துளை எம்டி2 அளவா வேறா, இந்த மூன்றையும் கமென்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் நாங்கள் எம்2.5, எம்3 டேப்பு செட்டும் 2.05 டிரில்லும் பெட்டியாக எடுக்கிறோம், உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.