17 ரவைப் பிஸ்டலை எப்படி மதிப்பிடுவது? சில கேள்விகள், சில பதில்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேலைக்காகப் பிஸ்டல் கட்டுகிறவர்களும் சுடுதிடலுக்குப் போய்வருகிறவர்களும் என்னிடம் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். ஆயுதக் களஞ்சியத்தில் திருத்துநராகவும் பிறகு சுடு பயிற்சியாளராகவும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். கைபட்டுப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

கல்லடி, காசு வண்டிப் பாதுகாப்பில் இருக்கும் ஒரு தம்பி: சேர், கம்பனி புதுப் பிஸ்டல் எடுக்கப்போகிறது. இரண்டு மொடல் காட்டினார்கள், இரண்டுமே 17 ரவை. கையில் தந்தால் முதலில் எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் அது வெறுமையா என்று பாருங்கள் தம்பி. மகசினை (பிடிக்குள் செருகும் ரவைப் பெட்டி, 17 ரவை என்பது அதன் கொள்ளளவு) கழற்றி, ஸ்லைடை (மேலே முன்பின் ஓடும் உலோகப் பகுதி) பின்னால் இழுத்து நிறுத்தி, அறைக்குள், அதாவது குழலின் பின்னால் ரவை ஏறி நிற்கும் இடத்துக்குள், கண்ணாலும் பாருங்கள், சின்ன விரலாலும் தொட்டுப் பாருங்கள். தந்தவர் "வெறும் துவக்குத்தான்" என்று சொன்னாலும் பாருங்கள்.

அப்புறம், பாதுகாப்பான ஒரு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்துங்கள். கண்ணைத் திறந்ததும் முன் குறி பின் குறியின் இடைவெளிக்குள் ஏறத்தாழ நடுவில் நிற்கவேண்டும். மேலேயோ பக்கவாட்டிலோ ஓடி நின்றால் அந்தப் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்குப் பொருந்தவில்லை. பழக்கிச் சரிசெய்யலாம்தான், ஆனால் பதற்றத்தில் கை தன் பழைய இடத்துக்கே போகும்.

விசையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் இளக்கமாக வரும், பிறகு ஓரிடத்தில் முட்டும், அங்கிருந்து அழுத்தினால் விடுபடும். அந்த முட்டும் இடம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். வேலைப் பிஸ்டலுக்கு இரண்டரைக் கிலோ அளவு அழுத்தம் நல்லது. அதைவிட மெல்லியது திடலில் இனிக்கும், தெருவில் ஆபத்து.

17 என்ற எண்ணை வைத்து எதையும் முடிவெடுக்கவேண்டாம். குளொக் 17 போன்ற ஒன்று ரவை நிரப்பிய பிறகு ஏறத்தாழ 900 கிராம் வரும். எட்டு மணி நேரம் இடுப்பில் தொங்கப்போவது அந்த 900 கிராம்தான்.

அம்பாறை, உயர்தர மாணவன் ஒருவர்: இந்த "டபுள் ஸ்டாக்" என்றால் என்ன? எப்போது வந்தது?

மகசினுக்குள் ரவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நின்றால் அது ஒற்றை அடுக்கு. இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று இடைவெளியில் பொருந்தி நின்றால் இரட்டை அடுக்கு. உயரம் கூடாமல் எண்ணிக்கை கூடும், பிடி மட்டும் தடிக்கும். இதைப் பரவலாக்கியது 1935இல் வந்த பிரவுனிங் ஹை பவர், 13 ரவை. ஜோன் பிரவுனிங் தொடங்கினார், 1926இல் அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தில் சேவ் என்ற பொறியியலாளர் முடித்தார். 1975இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் சிசட் 75 பிஸ்டல் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஒஸ்திரிய இராணுவம் எடுத்த குளொக் 17, பிளாஸ்டிக் உடலோடு 17 ரவையைக் கொண்டுவந்தது. பிரித்தானிய இராணுவம் தன் பழைய பிரவுனிங்கைக் கைவிட்டு குளொக்குக்கு மாறியது 2013இல்.

அக்கரைப்பற்று, பொலிஸ் சேவையில் இருப்பவர்: 500 ரவை சுட்டுப் பார்த்தால்தான் நம்பலாம் என்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு ரவை எங்கே கிடைக்கும்? குறைவாகச் சுட்டு எப்படிச் சோதிப்பது?

ஒழுங்காகத் திட்டமிட்டால் 200 போதும் என்பது என் முடிவு. ஆனால் அந்த 200க்கும் ஒரு கொப்பியும் பேனாவும் வேண்டும்.

சுடுவதற்கு முன் ஒவ்வொரு மகசினின் அடித்தகட்டிலும் வெள்ளை மையால் 1, 2, 3 என்று எழுதுங்கள். ஏன் என்று சொல்கிறேன். என்னிடம் ஒரு தடவை "இந்தப் பிஸ்டல் சிக்குகிறது, ஆகாது" என்று மூன்று பிஸ்டல்களைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றையும் கழற்றிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பிறகு மகசின்களுக்கு எண் போட்டுத் திரும்பச் சுட்டோம். சிக்கியது எல்லாம் இரண்டே இரண்டு மகசின்கள். அவை கைமாறிக் கைமாறி மூன்று பிஸ்டலுக்கும் போயிருக்கின்றன. ஒன்று கீழே விழுந்து, ரவையைப் பிடித்துவைக்கும் அதன் மேல் உதடு விரிந்திருந்தது, மற்றதில் ரவைகளை மேலே தள்ளும் வில் தளர்ந்திருந்தது.

இரட்டை அடுக்கின் மெல்லிய இடம் அங்கேதான் இருக்கிறது. கீழே இரண்டு வரிசையாக ஏறும் ரவைகள் மேலே வரும்போது ஒற்றை வரிசையாக ஒடுங்கவேண்டும். அந்த ஒடுங்கும் கழுத்தில் உராய்வு அதிகம். கொஞ்சம் மணல், கொஞ்சம் துரு, கொஞ்சம் தளர்ந்த வில், எது சேர்ந்தாலும் ரவை நேரத்துக்கு மேலே வராது. ஸ்லைட் வெறும் அறையில் மூடிக்கொள்ளும், அல்லது ரவை மூக்கைத் தாழ்த்திக்கொண்டு சிக்கும். ஆகவே பிஸ்டலைச் சோதிக்கிறோம் என்று சொன்னாலும் பாதி நேரம் நாம் சோதிப்பது மகசினைத்தான்.

இனி 200ஐப் பிரிப்போம். முதல் 50 பயிற்சி ரவை, 7 மீற்றரில், நிதானமாக. அடுத்த 50, எல்லா மகசினையும் முழுதாக நிரப்பி, வேகமாக. மூன்றாவது 50 நீங்கள் கடமையில் வைக்கப்போகும் அதே ரவை. இதைத் தவிர்க்கவே கூடாது. சன்னத்தின், அதாவது ரவையிலிருந்து பறந்துபோகும் தலைப்பகுதியின், மூக்கு வடிவம் மாறினால் அறைக்குள் ஏறும் விதமும் மாறும். கடைசி 50இல் வலக்கை மட்டும், இடக்கை மட்டும், மணிக்கட்டை வேண்டுமென்றே தளர்த்தி, பிறகு 25 மீற்றரில் மணல் மூட்டையில் கை வைத்து பத்து. நடுவில் துடைக்கவோ எண்ணெய் விடவோ வேண்டாம்.

சிக்கினால் அவசரப்பட்டு இழுத்துவிடாதீர்கள். குழலைத் திடலின் மண் அணைப்பக்கம் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று ஒரு கணம் பாருங்கள். சுட்டு முடிந்த வெற்றுக் கோது ஸ்லைடின் வாசலில் குத்திட்டு நிற்கிறதா? கோது அறைக்குள்ளேயே இருக்கிறதா? புது ரவை பாதியில் நிற்கிறதா? எந்த மகசின், எத்தனையாவது ரவை? எழுதுங்கள். தளர்ந்த மணிக்கட்டில் மட்டும் சிக்கினால் அது உங்கள் பயிற்சிக்குரிய வேலை. ஒரே மகசினில் மட்டும் என்றால் அந்த மகசினை எறியுங்கள். நல்ல பிடியில், வேறு வேறு மகசினில், கடமை ரவையில் இரண்டு தடவை சிக்கினால் அந்தப் பிஸ்டலை நான் யாருடைய இடுப்பிலும் கட்டமாட்டேன்.

25 மீற்றரில் பத்தும் 10 சென்ரிமீற்றருக்குள் விழுந்தால் வேலைக்குத் தாராளம். 5 சென்ரிமீற்றர் என்று தேடுவது போட்டிக்காரர்களின் ஆசை.

களுவாஞ்சிகுடி, பொலிஸ் சேவையில் இருக்கும் தங்கை: என் கை சிறியது. எல்லாருக்கும் ஒரே பிஸ்டல். விசையை எட்டிப் பிடிக்கக் கையைத் திருப்பவேண்டியிருக்கிறது. "பழகினால் சரிவரும்" என்கிறார்கள்.

பழகினால் சரிவராது தங்கச்சி. கையைத் திருப்பிப் பிடித்தால் பின்னுதைப்பு பெருவிரல் மூட்டில் விழும், சன்னம் பக்கவாட்டில் போகும், அதற்கு உங்களைக் குறை சொல்வார்கள். பிஸ்டலின் முதுகு உங்கள் முன்கைக்கு நேராக இருக்கும்போது சுட்டுவிரலின் முதல் சதைப்பகுதி விசையின் நடுவில் உட்காரவேண்டும். அதுதான் அளவு.

இப்போது வரும் பல பிஸ்டல்களில் பிடியின் பின்முதுகுத் தகடு மாற்றலாம். குளொக்கின் நான்காம் தலைமுறையிலிருந்து, 2010 முதல், அது உண்டு. பெட்டிக்குள்ளேயே வெவ்வேறு தகடுகள் இருக்கும், கனக்கப் பேர் திறந்தே பார்ப்பதில்லை. களஞ்சியத்தில் கேளுங்கள். சிக் (SIG) கம்பனியின் பி320 பிஸ்டலில் பிடி முழுவதையுமே சிறிய அளவுக்கு மாற்றலாம். குளொக்கின் சிறிய மொடலான குளொக் 19 உயரத்தில்தான் குறைவு, தடிப்பு அதேதான், ஆகவே அது உங்கள் பிரச்சினைக்கு மருந்தல்ல. எதுவும் இல்லையென்றால் 2018இல் வந்த சிக் பி365 மாதிரி ஒடுங்கிய பிஸ்டல்கள் இருக்கின்றன, 10 ரவைதான். பொருந்தாத 17ஐவிடப் பொருந்திய 10ஐ நான் உங்களுக்குத் தருவேன்.

கல்முனை, தனியார் பாதுகாப்பு மேற்பார்வையாளர்: வெளியே பாதுகாப்புப் பூட்டு இல்லாத பிஸ்டல் கீழே விழுந்தால் வெடிக்காதா?

நல்ல வடிவமைப்பில் உள்ளே ஒரு தடை இருக்கும். விசையை இழுக்காதவரை அது ரவையைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியை மறித்து நிற்கும். ஆனால் "இருக்கும்" என்று நம்பி விடக்கூடாது. சிக் பி320ஐ அமெரிக்க இராணுவம் 2017 ஜனவரியில் தெரிவு செய்தது. அதே வருடம் ஓகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320 சில கோணங்களில் விழுந்தால் வெடிக்கிறது என்ற முறைப்பாடுகளுக்குப் பிறகு, கம்பனி இலவசமாகப் பாகங்களை மாற்றித்தந்தது. எடுக்கும் பிஸ்டல் எந்த வருடத்தது, இப்படியான மாற்றம் செய்யப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். நீங்களே கீழே போட்டுச் சோதிக்கவேண்டாம்.

உண்மையில் நான் கண்ட தவறுதல் வெடிகளில் விழுந்து வெடித்தது ஒன்றுமில்லை. விசைக்குள் விரலோ துணியோ போனதுதான். ஆகவே விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை வேண்டும். மெல்லிய துணி உறையும் இடுப்பில் செருகுவதும் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, குளொக்கைக் கழற்ற முதலில் விசையை இழுக்கவேண்டும். அறையைப் பார்க்காமல் இழுத்து மேசையைத் துளைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் களஞ்சிய வாசலில் மணல் நிரப்பிய வாளி வைத்தோம். அதற்குள் குழலை நீட்டித்தான் எவரும் வெறுமையாக்கவேண்டும்.

வாழைச்சேனை, முன்பு படையில் இருந்தவர்: 9 மில்லிமீற்றர் சிறியது, .45 அங்குலச் சன்னம்தான் ஆளை நிறுத்தும் என்று பழகிவிட்டோம். சரியா அண்ணன்?

அந்தக் காலத்துச் சன்னங்களுக்கு அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. இன்றைய விரியும் சன்னங்களில் வேறுபாடு மிகக் குறைந்துவிட்டது. அமெரிக்காவின் எஃப்பிஐ .40ஐ விட்டு 9 மில்லிமீற்றருக்குத் திரும்பியதும் அதனால்தான். அவர்கள் உடலுக்குப் பதிலாகச் சோதிக்கும் ஜெலற்றின் கட்டியில் சன்னம் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவவேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். உதைப்பு குறைவு, இரண்டாவது சூடு விரைவு, ரவை மலிவு. எனக்கு 9 போதும்.

மகாஓயாப் பக்கம் வயல் செய்யும் ஐயா: யானைக்குப் பிஸ்டல் உதவுமா?

உதவாது ஐயா. காயப்பட்ட யானை இன்னும் மோசமாகத் திரும்பும், சட்டப்படியும் பெரிய குற்றம். யானை வெடியும் வேலியும் வனசீவராசிகள் அலுவலகமும்தான் வழி.

ஆரையம்பதி, ஆசிரியை ஒருவர்: துவக்கால் இவ்வளவு பட்ட மண் இது. அதைப் பற்றி இவ்வளவு விவரமாகப் பேசத்தான் வேண்டுமா?

ரீச்சர், என் வீட்டிலும் இழப்பு உண்டு. இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல, இரவில் நானே கேட்டுக்கொள்வது. ஆனால் வங்கி வாசலில் இன்றும் ஒருவர் பிஸ்டலோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் வரிசையில் நீங்களும் நானும் நிற்கிறோம். அவர் கையில் இருப்பது சிக்குமா, தவறி வெடிக்குமா என்று அவருக்கே தெரியாவிட்டால் அடிபடப்போவது நாம்தான். அந்த ஒருவருக்காகத்தான் பேசுகிறேன். வீட்டில் வைக்க வாங்குங்கள் என்று நான் எவருக்கும் சொன்னதில்லை.

ஏறாவூர், விளையாட்டாகச் சுடப் பழகும் தம்பி: இதே பிஸ்டலால் போட்டிக்கும் போகலாமா?

ஒலிம்பிக் பாணி என்றால் இல்லை. அங்கே 10 மீற்றருக்கு 4.5 மில்லிமீற்றர் காற்றுப் பிஸ்டல், 25 மீற்றருக்கு .22 அங்குலப் பிஸ்டல். ஐபிஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பின் பாணியில், ஓடி நகர்ந்து பல இலக்குகளைச் சுடும் நடைமுறைச் சூட்டுக்கு இது பொருந்தும். எதற்குப் போனாலும் காதை மூடுங்கள். 9 மில்லிமீற்றர் சத்தம் 160 டெசிபெல் அளவு, 140இலேயே காது கெடத் தொடங்கும். நான் வேலை செய்த ஒரு இடத்தில் காதுறை தரவில்லை, பஞ்சுதான் வைத்தோம். இன்று இடக்காதில் பகலும் இரவும் சில்வண்டு கத்துகிறது.

பொத்துவில், கரையோரக் கடமையில் இருப்பவர்: பிளாஸ்டிக் உடல்தானே, துருவைப் பற்றிக் கவலைப்படவேண்டுமா?

கட்டாயம். உடல் துருப்பிடிக்காது, ஸ்லைடின் பூச்சும் நன்றாகத் தாங்கும். துரு வருவது சின்னச் சின்ன இடங்களில். ஊசிகள், குறியின் திருகாணி, விசையின் வில், மகசினின் வில். தோல் உறையில் இரவில் வைத்துவிடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் எண்ணெயைக் குறையுங்கள், தூசோடு சேர்ந்து அரைத்துவிடும். மாரியில் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் மகசினுக்குள் சொட்டுச் சொட்டாக விடவேண்டாம், ரவையின் அடிப்பக்கத்துக்குள் ஊறினால் வெடிக்காமல் போகலாம்.

சிவப்புப் புள்ளிக் குறி வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். குளிரூட்டிய வாகனத்திலிருந்து கடற்கரைக் காற்றுக்குள் இறங்கியதும் கண்ணாடியில் பனி மூடும். அந்த நேரம் பழைய இரும்புக் குறி கீழே தெரியும்படி இருக்கவேண்டும்.

மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை மகசினின் அடித்தகட்டைக் கழற்றி வில்லை வெளியே எடுங்கள். காய்ந்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மஞ்சள் தெரிந்தால் அந்த வாரம் அந்த மகசின் கடமைக்குப் போகவேண்டாம்.