கரையான் மட்டும் எப்படித்தா வேற விஷயம்?

கேள்வி: தை மாசம் எனக்கு கல்யாணம், கானாடுகாத்தான்ல எங்க வளவு வீட்டுலயே. பட்டுப்புழுவை கூட்டோட வேக வைக்கிறாங்கன்னு தெரிஞ்சதுலேருந்து எனக்கு பட்டு கட்ட மனசு வரல. பூச்சிக்கும் வலிக்கும்னு ஆத்தாவுக்கு நிறைய வீடியோ ஃபார்வர்ட் பண்ணேன், முகூர்த்தப் பட்டு எடுத்தாச்சேன்னு அழறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டுல கரையானுக்கு மருந்தடிக்க நானே ஆன்லைன்ல ஆள் புக் பண்ணிட்டேன், அன்னிக்கு எழுபது வயசு அப்பத்தா கூட நின்னு பாத்துக்குவாங்க, அது வேற விஷயம். ஆத்தாவுக்கு எப்படி புரிய வைக்கிறது? (வாசகி, பெங்களூர்)

பதில்: கல்யாண சீசன் வந்தா இப்படி லெட்டர் வராத வாரமே இல்ல, நகை வேணாம் பட்டு வேணாம்னு, எல்லாத்துலயும் புரியாதவங்க ஆத்தாதான். உன் லெட்டர்ல நான் ஒரே இடத்துலதான் நின்னேன். "அது வேற விஷயம்". எப்படித்தா வேற?

கரையானுக்கு அடிக்கிறாங்களே இமிடாகுளோப்ரிட், அது நரம்பைத் தாக்குற மருந்து. உடனே சாகாது, மருந்து பட்ட கரையான் புத்துக்குள்ள போய் மத்ததுக்கும் ஒட்ட வைக்கும், அதுக்குன்னே மெதுவா வேலை செய்யற மாதிரி வச்சிருக்காங்க. கூட்டுப்புழு சூட்டுல அதைவிட சீக்கிரம் போயிடும். 2022-ல லண்டன்ல வண்டுத்தேனீக்களுக்கு 55 டிகிரி சூடு வச்ச தட்டுலயும் சூடில்லாத தட்டுலயும் சர்க்கரைத் தண்ணி வச்சாங்க, ரெண்டுலயும் ஒரே இனிப்புன்னா சூட்டுப் பக்கம் அவ்வளவா போகல, அங்க இனிப்பு கூடன்னா சூட்டைப் பொறுத்துக்கிட்டு போச்சு. வலின்னு அடிச்சு சொல்ல முடியாட்டியும் கணக்குப் பாக்குற ஏதோ ஒண்ணு உள்ள இருக்குன்னு நான் நம்புறேன். அப்ப கரையானுக்கு மட்டும் இல்லைன்னு உனக்கு யார் சொன்னது? (அதே வருஷம் இங்கிலாந்துல நண்டும் உணர்வுள்ள ஜீவன்னு சட்டத்துல சேத்துட்டாங்க, நம்ம ஊரு நண்டு மசாலா பத்தி உன் லெட்டர்ல சத்தத்தையே காணோம்.)

வித்தியாசம் நான் சொல்றேன். வீட்டுல உனக்கும் பங்கு, பட்டு ஆத்தா ஆசை. புழுவுக்காக விட்டுக்கொடுக்க வேண்டியது அவங்கன்னா உனக்கு மனசு இளகுது, நீயின்னா ஆப்ல புக் பண்ணிட்டு போயிடுற.

மருந்து அடிக்காதேன்னு சொல்லல. பர்மா தேக்கை கரையான் லேசுல தொடாதுதான், ஆனா மத்த மரத்தையும் பெட்டியில இருக்கிற பழைய ஏட்டையும் விடாது, பங்காளிங்க எல்லாருக்கும் பொதுவான வீட்டை அரிக்க விடுறது தப்பு, அதைக் காப்பாத்துறது உன் கடமை. ஆனா கொல்றோம்னு தெரிஞ்சு கொல்லு. அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்து பக்கத்துல நில்லு, எழுபது வயசு அப்பத்தாவை நிக்க விட்டுட்டு பெங்களூர்ல உக்காந்திருக்காத.

பட்டு விஷயத்துல நீ சொல்றது சரி. அது தேவையில்ல, ஆசை. காஞ்சிப் பெரியவரே புழுவைக் கொல்றாங்கன்னு பட்டு வேணாம்னு சொன்னவர்தான், அதனால இது ஏதோ வெளிநாட்டு ஃபேஷன்னு ஆத்தா நினைக்க வேண்டியதில்ல, அவங்களுக்கு வீடியோவை விட இது புரியும்.

ஆனா எடுத்து வச்ச அந்த ஒரு பட்டு இருக்கே, அதுல செத்த புழுவுக்கு நீ இனி ஒண்ணும் பண்ண முடியாது. திருப்பூட்டுற நேரம், அதாவது தாலி கட்டுறப்ப, அதைக் கட்டிக்க. ஆத்தாவுக்கு நீ கொடுக்க வேண்டியது அது, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. இன்னும் எடுக்காத பட்டுதான் உன் கையில இருக்கு. சம்பந்தி வீட்டுக்கு, நாத்தனாருக்கு, அத்தைமாருக்குன்னு லிஸ்ட் இருக்கும்ல, அது அத்தனையும் கண்டாங்கியா மாத்து, 2019-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊரு பருத்திச் சேலை, யார் என்ன குறை சொல்லிடுவாங்க. சொன்னா சம்பந்தி வீட்டுக்கு நீயே போன் போட்டு பேசு, ஆத்தாவை முன்னாடி தள்ளாத.